செத்த எலியும் சுத்தப் பெட்டியும்: ஒரு முன்னாய்வு

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டில் பாம்பு வளர்ப்போர் இரு கட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள். குடியிருக்கும் பெட்டியிலேயே பாம்புக்குச் சாப்பாடு போடலாம் என்பது பெட்டிக் கட்சி. அதைத் தூக்கி ஒரு காலி பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, அங்கே எலியைக் கொடுத்து, தின்றதும் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது டப்பாக் கட்சி. வடகலை தென்கலை வழக்காவது நீதிமன்றம் வரை போனது. இந்த வழக்குக்கு நீதிபதி இல்லை. முக்கிய சாட்சிக்கு வெளிக்காதும் இல்லை. ஆகவே இவ்வாய்வு தேவைப்படுகிறது.

டப்பாக் கட்சியின் வாதங்கள் இரண்டு. ஈர எலியில் பெட்டியில் பரப்பிய ஆஸ்பென் மரச்சீவல் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகும் என்பது முதலாவது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் எலியை நன்றாகத் துடைத்து ஒரு தட்டில் வைத்தால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக்குள் சாப்பாடு வந்தால், மூடி திறக்கும்போதெல்லாம் பாம்பு அதைப் பந்திக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு கையைக் கடிக்கும் என்பது இரண்டாவது. ஆனால் பாம்பு பெரிதும் நம்புவது மூடியையல்ல, வாசனையை. நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டு, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்த்துச் சோதிக்கிறது. பயந்தால் பந்தாகச் சுருளும் பால் பைதானுக்கு உதட்டோரக் குழிகளில் வெப்பம் அறியும் வசதியும் உண்டு. எலி நாற்றத்தோடு வெதுவெதுப்பாக ஒரு கை உள்ளே வந்தால் அது வேறென்ன முடிவுக்கு வரும்? எலியைத் தொட்டவர் அடுத்துப் பெட்டிக்குள் கையை விடும் முன்பே சோப்புப் போட வேண்டும் என்பது இதன் துணைத் தேற்றம்.

உண்மையில் டப்பாக் கட்சியைத் தோற்கடிப்பது திரும்பும் பயணம். வயிறு புடைத்த பாம்பைத் தூக்கினால் அது எலியை அப்படியே கக்கிவிடலாம். பாதி செரித்த எலியின் நாற்றத்துக்கு ஈடாக வீட்டில் வேறொன்றும் கிடையாது. தின்ற பிறகு 48 மணி நேரமாவது தொடாதே என்று வளர்ப்போர் சொல்வது அதனால்தான்.

உள்ளே நடப்பதும் சாமானிய வேலையல்ல. பர்மிய மலைப்பாம்பின் செரிமானத்தை 1990களில் ஸ்டீபன் செக்கரும் ஜாரெட் டயமண்டும் ஆராய்ந்தார்கள். பெரிய இரைக்குப் பின் அதன் வளர்சிதை மாற்றம் பல மடங்கு எகிறுகிறது. 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, இரண்டே நாளில் அதன் இதயக் கீழறை சுமார் 40 சதவீதம் பருத்ததைக் காட்டியது. விருந்து முடிந்ததும் இதயமே பருக்கும் பிராணியை ‘பெட்டியைத் துடைக்கணும், கொஞ்சம் நகரு’ என்று கிளப்புவது பண்பாடில்லை.

இனி எலி. கடையில் உறைந்த நிலையில், பிறந்த குஞ்சுக்குப் பிங்கி, மயிர் அரும்பியதற்கு ஃபஸ்ஸி, துள்ளத் தொடங்கியதற்கு ஹாப்பர் என்று பதவி உயர்வு வரிசையில் கிடைக்கும். வாங்கியதை ஜிப் பையில் போட்டு இளக வைத்து, பிறகு வெந்நீரில் சூடேற்றி, வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் ஐஸ்தான். மைக்ரோவேவ் அடுப்பை நாடக்கூடாது. ஓரிடம் வெந்து, ஓரிடம் உறைந்து, சிலசமயம் வெடித்தும் போகும். அந்த அடுப்பில் பிறகு சாம்பார் சூடாக்கும் ஆளையும் நினைக்க வேண்டும். உறைய வைத்தால் சால்மோனெல்லா சாவதில்லை. 2014இல் அமெரிக்காவில் இத்தகைய தீனி எலிகள் வழியாகவே அந்தக் கிருமி பல மாநிலங்களில் பரவியது. சமையலறையை விட்டு எலி விலகியிருக்க வேண்டும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது இதனால்தான்.

உள்ளே போனது ஒருநாள் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? எப்போது என்பதுதான் கேள்வி. கார்ன் ஸ்னேக் சில நாளில் கணக்கை முடித்துவிடும். கபூன் விரியனோ 420 நாள் வரை அடக்கிவைத்ததாக ஹார்வி லில்லிவைட் குழுவினர் 2002இல் பதிவு செய்தார்கள். அதனால் கனத்த பின்பகுதி, பாய்ந்து கொத்தும்போது பாம்புக்கு ஊன்றுதலாக உதவலாம் என்பது அவர்களின் கருத்து. வீட்டுப் பாம்புகளுக்கு இத்தனை பொறுமை இல்லை. கழிப்பதற்கு அவை பலசமயம் தண்ணீர்க் கிண்ணத்தையே தேர்ந்தெடுக்கின்றன. கூடவே வரும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி யூரிக் அமிலம். தண்ணீரை மிச்சம் பிடிக்கும் உடம்பின் சிறுநீர் அது.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் அள்ளு, பிறகு சோப்புத் தண்ணீரில் தேய், அதன்பின் நீர்த்த பிளீச் அல்லது குளோர்ஹெக்சிடின், கடைசியில் கழுவிக் காயவை. அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் அழுக்கு அதன் வீரியத்தைத் தின்றுவிடும். நம் வீட்டுத் தரை மணக்கும் பினாயில் வகையறா ஊர்வனவற்றுக்கு விஷம். பெட்டியில் பரப்பச் சீடார் மரத்தூளும் ஆகாது.

தீர்ப்பு பெட்டிக் கட்சிக்கே: துடைத்த எலி, தட்டு, நீண்ட இடுக்கி, கழுவிய கை, இரண்டு நாள் மௌனம்.

களப்பணி ஆசை வந்த உள்ளூர் வாசகர் கவனிக்க: நல்ல பாம்பையோ சாரையையோ மலைப்பாம்பையோ வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதான் போன்ற பட்டியலிட்ட வெளிநாட்டு இனம் என்றால் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். தோட்டத்துக்கு வரும் சாரைக்கு யாரும் எலியை இளக வைக்க வேண்டியதில்லை, அதுவே பிடித்துக்கொள்ளும்.