முப்பதாம் பக்கத்துக் கொலைகாரன்

காரவல்லியில் பஸ் ஏறினால் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ராஜேஷ்குமாரின் நாவல்களோ 1,500-ஐத் தாண்டிவிட்டன. இரண்டிலும் பாதி வழியில் தலை சுற்றும். ஆனாலும் யாரும் இறங்குவதில்லை.

மலை மேலே, செம்மேட்டு டீக்கடையில் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவர் ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாயகன் விவேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"விவேக் முன்ன மாதிரி இல்லீங்க. முப்பதாம் பக்கத்துலயே கொலைகாரன் தெரிஞ்சு போறான்."

"அப்புறம் ஏனுங்க கடைசி வரைக்கும் படிச்சீங்க?"

"நான் நினைச்சது சரியான்னு பார்க்கத்தான்."

"சரியா?"

"இல்லீங்க."

பட்டுக்கோட்டை பிரபாகரின் வாசகர்கள் வேறு ரகம். அவர் கதாநாயகி சுசீலாவின் டி-ஷர்ட் வாசகம் மனப்பாடம். கொன்றவன் பேரைக் கேட்டால் விழிப்பார்கள். துப்பறிவதைவிட, பரத் சுசீலாவுக்கு எப்போது தாலி கட்டுவான் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய மர்மம். விவேக்–ரூபலா கட்சிக்கு அந்தக் கவலையும் இல்லை. அங்கே கல்யாணம் ஆகிவிட்டது.

சுஜாதா கட்சிக்காரர்களுக்குத்தான் ஏக மிதப்பு. கணேஷ்–வசந்த் கதைகளின் தரம் குறையவே இல்லையாம். எப்படிக் குறையும்? எழுதியவர் 2008-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். விவேக் பாவம், இன்னும் சர்வீஸில் இருக்கிறார்.