தட்டிப் பார்க்கும் சித்தப்பா

பழைய கார் வாங்கப் போகிற எந்தக் குடும்பமும் தனியாகப் போவதில்லை. ஒரு சித்தப்பா உடன் போவார். சொந்தத்தில் ஆள் இல்லையென்றால் அடுத்த தெருக்காரர் ஒருவர் அந்தப் பதவியை ஏற்றுக்கொள்வார். அவர் மெக்கானிக் இல்லை. சொந்தக் காரும் கிடையாது. டவுன் பஸ்ஸில்தான் வந்து இறங்குவார். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, சில்லறை, கைக்குட்டையில் முடிந்த ஒரு காந்தம்.

வண்டியைக் காலை வெயிலில் காட்ட வேண்டும் என்பது முதல் நிபந்தனை. கழுவிய ஈரம் காயாமல் நின்றால், "ஒடுக்கு தெரியக் கூடாதுன்னு தண்ணி ஊத்தியிருக்காண்டா" என்று ரகசியமாகச் சொல்வார். அது புரோக்கருக்கும் நன்றாகவே கேட்கும்.

எஞ்சினை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "எஞ்சினை எப்ப வேணா இறக்கி ஏத்திக்கலாம். பாடி போச்சுன்னா போச்சு!"

பின்விளக்கருகே குத்தவைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, பாடி லைன் பார்ப்பார். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே போய் விரல் முட்டியால் தட்டுவார். 'டங்' என்றால் தகரம். 'தொப்' என்றால் பட்டி. மூன்று கதவுகளில் பச்சக்கென்று ஒட்டிய காந்தம், இடது பின்கதவில் மட்டும் வழுக்கிக் கீழே விழும். அதை எடுத்துத் துடைத்தபடி, "ப்ச்" என்பார்.

ஒரு 'ப்ச்'சின் சந்தை மதிப்பு ஐயாயிரம் ரூபாய்.

அடுத்து, கதவோர ரப்பரை உரித்து, பில்லரில் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் பொட்டுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று தடவுவார். ஒரு பக்கம் பொட்டே இல்லை. ப்ச். பானெட் போல்ட்டில் ஸ்பேனர் கீறல். ப்ச். டயரில் 2319 என்ற எண். "புது டயருன்னீங்களே சார், 2019ல இருபத்து மூணாவது வாரம் பொறந்திருக்கே?" மீட்டரில் 48,000 கிலோமீட்டர், பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடக்கும். இதற்கு ஒரு நீண்ட 'ப்ச்'.

சென்னை நம்பர் வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சேற்றுக் கறை தேடி, முகர்ந்தும் பார்ப்பார். "2023 டிசம்பர் மழைல வண்டி எங்க சார் நின்னுச்சு?"

"வேளச்சேரி பாலத்து மேல ஏத்தி விட்டுட்டோம் சார்."

"அப்ப 2015ல?"

ஓனர் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிப்பார். அதில் அதற்குப் பதில் இருக்காது.

மூன்று இருபதில் ஆரம்பித்த பேச்சு இரண்டு எழுபத்தைந்தில் முடியும். கணக்குப் பார்த்தால் சரியாக ஒன்பது 'ப்ச்'.

சில வருஷம் கழித்து அதே குடும்பம் அதே வண்டியை விற்கும். சித்தப்பாவுக்குத்தான் முதல் போன் போகும். இப்போது வாங்க வந்தவர்களுடன் வேறொரு சித்தப்பா. அவரும் குத்தவைத்து, கண்ணை மூடி, எழுந்து வந்து இடது பின்கதவைத் தட்டுவார். தொப்.

அவர் வாய் திறப்பதற்குள் நம்மவர் முந்திக்கொள்வார்:

"அது பட்டி இல்லீங்க. குழந்தைங்க உக்கார்ற பக்கம்னு கம்பெனிக்காரனே கொஞ்சம் கனமாப் போட்டிருக்கான்!"