பூசாரி கொடுக்காத வரம்

தெய்வத்தை இழுத்துப் பேசும் பழமொழிகளைக் கோயிலில் கேட்டதைவிட வரிசைகளில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு ரேஷன் கடை. முன்னால் நின்ற பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. வீட்டு வேலையில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வழவழத்துப்போன கட்டைவிரல். முந்தானையில் துடைத்து மூன்று முறை அழுத்தினார். அரிசி மூட்டை கண்ணெதிரே இருக்கிறது.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

பின்னால் நின்ற கன்னடத்துப் பெண் உடனே, "தேவரு வர கொட்ரூ பூஜாரி கொடல்லா" என்றார். அவர் மொழிபெயர்க்கவில்லை. அவர் வீட்டிலும் அந்தப் பழமொழி முன்பே இருந்தது.

இதை நாத்திக வாக்கு என்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. வரம் கொடுத்தாகிவிட்டது என்பதில் இப்பழமொழிக்கு ஐயமே இல்லை. ஐயமெல்லாம் நடுவில் நிற்பவர்மேல்தான். கருணை உண்டு, வழியில்தான் அடைப்பு என்று நம்புகிறவரால் மட்டுமே இப்படிக் குறைப்பட முடியும்.

'கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தது போல' என்பது இன்னும் ஆழமானது. உடைத்தவனைத் திருடன் என்று அது சொல்லவில்லை. அவன் உண்மையாகவே கும்பிடுகிறான், மனம் நிறைந்து திருநீறும் பூசிக்கொள்கிறான். தேங்காய் யாருடையது என்பது மட்டும் மறந்துவிட்டது. மனிதப் பேதைமையை இதைவிடக் கூர்மையாகவும் பரிவோடும் பார்த்த வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தகைய பழமொழிகளை ஏட்டில் சேர்த்தவர்கள் உண்டு. பாதிரியார் பேர்சிவல் 1842-இல் யாழ்ப்பாணத்தில் பழமொழித் தொகுப்பு வெளியிட்டார். 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 6,156 பழமொழிகளாக வளர்ந்தது. லாசரஸின் 1894 பழமொழி அகராதியில் ஒன்பதாயிரத்துக்கும் மேல். டென்மார்க் பாதிரியார் ஜென்சன் 1897-இல் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் பழமொழிக்குப் பாதிப் பொருள் அதைச் சொன்ன இடத்தில் இருக்கிறது. இந்த ஈஜிபுராவிலிருந்து கோரமங்கலா பக்கம் போகும் மேம்பாலத்துக்கு 2017-இல் வேலை தொடங்கி, 2022-இல் ஒப்பந்தம் ரத்தாகி, 2023 இறுதியில்தான் மறுபடி வேலை ஆரம்பித்தது. சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். இடைப்பட்ட காலத்தில் பாலமில்லாத அந்தத் தூண்களைப் பார்த்தவருக்கு 'ஆண்டிகள் கூடி மடம் கட்டியது போல' என்பதற்கு உரை தேவையில்லை.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. மொழிப் பூசலால் 1991 முதல் 18 ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னட ஞானி சர்வக்ஞரின் சிலை. இரு அரசுகளும் செய்த நல்ல காரியம் அது, எனக்கு அதில் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பதினெட்டு ஆண்டும் இரு மொழிப் பழமொழிகளும் இந்த மாதிரி வரிசைகளில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டுதான் இருந்திருக்கும்.

கன்னடத்துப் பெண் பாட்டியின் கையைப் பிடித்து, எண்ணெய் தடவிய அவர் தலையிலேயே விரலைத் தேய்க்கச் சொன்னார். நாலாவது முறை ரேகை விழுந்தது.

"பையை நீட்டுங்கம்மா" என்றார் கடைக்காரர்.