காய்ச்சல் ரசிகர்

பெரியகுளம் தென்கரையில் ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போலப் பிடித்தால், ஏதாவது ஒரு வீட்டில் பட்டப்பகலில் பழைய படத்தின் சத்தம் கேட்கும். உள்ளே காய்ச்சல் ரசிகர் படுத்திருக்கிறார்.

உடம்பு நன்றாக இருக்கும்போது இவருக்கும் சினிமாவுக்கும் ஒட்டு இல்லை, உறவு இல்லை. மாந்தோப்புக் குத்தகை, சொசைட்டிக் கடன், பேரனுக்குப் பள்ளிக்கூடப் பணம் என்று அலைகிற மனிதர். படம் பார்ப்பது வேலையத்தவன் வேலை என்று மகனை வைகிறவரும் இவர்தான். தெர்மாமீட்டர் 99ஐத் தொட வேண்டியதுதான், கட்டில் ஹாலுக்கு வந்துவிடும். ரிமோட் தலையணைக்கு அடியில் போய்விடும். மாத்திரை வாங்கப் போகிற பையன், செல்போன் கடையில் படம் ஏற்றிய பென் டிரைவோடுதான் திரும்ப வேண்டும். மாத்திரை மறந்தால்கூட மன்னிப்பு உண்டு.

காய்ச்சலின் அளவுக்குத் தக்க படம். 99 என்றால் கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989). சளி கட்டும் என்று வீட்டில் வாழைப்பழத்துக்குத் தடை. கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் காமெடியின் புண்ணியத்தில் கண்ணால் சாப்பிட்டுக்கொள்வார்.

நூறைத் தாண்டினால் சிரிப்பு ஒத்துக்கொள்ளாது, அழ வேண்டும். அதிலும் கட்டுப்பாடு உண்டு. 1982இல் வந்த ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டும் விலக்கு. இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். அன்றைக்குக் கொட்டகையில் பார்த்துவிட்டு வந்து, இருமும்போதெல்லாம் கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தவர் இவர். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) முழுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்தாலும் அனுமதி பெறுகிறது. ஏனென்றால் அதில் நோயாளி முத்துராமன் பிழைத்துக்கொள்கிறார், டாக்டர் கல்யாண்குமார் செத்துப்போகிறார். “நியாயம்னா இதுல்ல நியாயம்” என்பார், ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே.

102க்கு ஒரே படம்தான், ‘முதல் மரியாதை’ (1985). அல்லிநகரத்துப் பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜா, பக்கத்து வடுகபட்டி வைரமுத்து என மூவரும் நம்ம பக்கத்து ஆட்கள் என்பதால் டைட்டில் ஓடும்போதே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடுமாம். அதைவிடப் பெரிய வசதி, மலைச்சாமியாக வரும் சிவாஜியும் படுத்துத்தான் கிடக்கிறார். அங்கே அவர் சாகக் கிடந்து குயில் என்கிற பெண்ணுக்காகக் காத்திருக்க, இங்கே இவரும் அதே கோணத்தில் தலையைச் சாய்த்து வாசலைப் பார்ப்பார். சமையல்கட்டிலிருந்து வரும் மனைவியின் குரல்:

“அங்கிட்டு என்ன பார்வை? உங்களுக்கும் எவளாச்சும் வருவான்னு படுத்திருக்கீகளா?”

“கஞ்சிக்குப் பார்க்கேன் தாயி.”

ஹாலை அடைத்துக் கட்டில் போட்டதற்குச் சண்டை வந்தால் வரலாற்றை இழுப்பார். 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் நின்றார், ஆஸ்பத்திரியில் அவர் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள், ஜெயித்தார். “சீக்காளியப் படத்துல பாத்தே ஓட்டுப் போட்ட சீமைடி இது. சீக்காளி ஒரு படம் பாத்தா குத்தமா?” இதற்கு அந்த அம்மாளிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

பார்க்க வருகிறவர்கள் பாடுதான் பாவம். சாத்துக்குடிப் பையோடு நுழைந்து “இப்ப எப்படி இருக்கு மாமா?” என்று வாயெடுத்தால், “உக்காருங்க மாப்ள, இந்த சீன் முடியட்டும்” என்று கை அமர்த்தும். அந்த சீன் முடியாது. வசனம் திரையில் வருவதற்கு ஒரு நொடி முன்னால் கட்டிலில் வந்துவிடும். நலம் விசாரிக்க வந்தவர் கடைசிவரை விசாரிக்காமலே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வருவார். அழுததா, ஒட்டிக்கொண்ட சளியா என்று மறுநாள்தான் தெரியும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். அதில் அவருக்கு வருத்தம். மேல் சூடு இன்னும் இருக்கிறதென்று மனைவியின் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொள்வார். இருக்காது. பார்க்காத படம் இரண்டு பென் டிரைவில் பாக்கி இருக்கும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இடைவேளையாகப் பார்த்துப் போவது உத்தமம். சாத்துக்குடி வேண்டாம், அங்கே கூடை நிறைய இருக்கிறது. ரிமோட்டுக்கு ரெண்டு பேட்டரி வாங்கிப் போங்கள்.