தோல்வாரின் கடைசி அரை அங்குலம்: தகடூர்ச் சான்றுகளை முன்வைத்து

தோல் பொருளின் ஓரத்தில் துளையிட்டு வார் கோத்துப் பின்னுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முழிக்கிறார்கள். சுற்றி வந்தாயிற்று. கடைசித் துளையும் முடிந்தது. கையில் அரை அங்குல வார் மிஞ்சி நிற்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இக்கட்டுரை அந்த அரை அங்குலத்தைப் பற்றியது மட்டுமே. ஆய்வெல்லை தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போய்விட்டதால் ஓசூர்ப் பக்கத்துப் பைகளும் பர்சுகளும் இதில் சேரா.

ஆய்வு பிறந்த கதை இது. பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, பணி ஓய்வுக்குப் பின் தாத்தா சும்மா இருக்கக் கூடாதென்று ஒரு தோல் கைவினைப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றுக்கான தோல், 48 துளைகள், ஒரு சுருள் வார், ஓர் ஊசி. சும்மா சுற்றித் தைக்கிற தையலுக்கு ஓரத்தின் நீளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு வார் வேண்டும். இரட்டைக் கண்ணிப் பின்னல் என்றால் ஆறேழு மடங்கு. கணக்கு எனக்கு வரும். 47 துளை வரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாத வேலை. 48ஆவது துளையில் போட்ட முடிச்சு மேலே மிளகு போலப் புடைத்துக்கொண்டது. அதிலிருந்து வார் எலிவால் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க, கண்ணாடிக் கூட்டுக்கு வால் எதுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. ஆய்வு வினா இவ்வாறு வடிவம் பெற்றது.

முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் முதலில் எங்கே போவான்? 1894இல் உ.வே.சா. அச்சில் கொண்டுவந்த புறநானூற்றுக்குத்தான். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரி அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவையார் அவனுக்காகப் பாடிய 89ஆம் பாட்டில், ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு தண்ணுமை தொங்குகிறது. காற்று மோதி அது ஒலித்தாலே போர் வந்துவிட்டது என்று அதியமான் எழுந்துவிடுவானாம். அந்த முழவுக்கு ஔவை கொடுக்கும் அடைமொழியில் 'விசி' என்றொரு சொல் உண்டு. இழுத்துக் கட்டிய வார் என்று பொருள். ஆக, தகடூரில் தோல்வார்ப் பின்னல் இருந்ததற்குச் சங்கச் சான்று கிடைத்துவிட்டது. ஆனால் வாரின் நுனியை எங்கே செருகினார்கள்? ஔவை வாய் திறக்கவில்லை. தூது போகிற அளவுக்கு விவரமான அம்மையார், தொங்குகிற முழவைக் கண்ணால் பார்த்தவர், நுனியை விட்டுவிட்டார். இதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. பின்னால் வருகிறேன்.

(அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிக்கும் இதில் இடமுண்டு. நெல்லியில் நாக்கை இழுக்கும் துவர்ப்பும், தோலைப் பதப்படுத்தும் ஆவாரம் பட்டை, கடுக்காய் இவற்றின் துவர்ப்பும் ஒரே குடும்பம். அதைத் தின்ற ஔவை நெடுநாள் இருந்தார் என்கிறார்கள். துவர்ப்பில் ஊறிய தோலும் நெடுநாள் இருக்கிறது. இதைத் தனிக் கட்டுரையாக விரிக்க எண்ணம்.)

நேரடிச் சான்று 82ஆம் பாட்டில் இருக்கிறது. சோழ நாட்டுப் பாட்டுதான், எல்லைக்கு வெளியே. இருந்தாலும் விட மனமில்லை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் செய்த வேகத்தைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, மழை வேறு பிடித்துக்கொண்டது, பொழுதோ சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னுகிறான். அவன் கையிலிருக்கும் ஊசியின் விரைவைவிட அரசனின் போர் விரைவாக இருந்ததாம். தோல்வார் வேலையில் அவசரம் எப்படிப் புகுந்தது என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் நானறிந்து இல்லை. எந்த நுனி ஒழுங்காக முடிந்திருக்கும் இந்த நிலையில்? பாட்டு அதைச் சொல்லாமல் அரசனிடம் போய்விடுகிறது. அரசன் பெயர் நமக்குத் தெரியும், புலவர் பெயர் தெரியும். வார் பின்னியவனுக்குப் பாட்டில் கிடைத்தது இழிவைக் குறிக்கும் ஒரு சாதிச்சொல். அவன் மனைவிக்கு என்ன குழந்தை பிறந்தது என்று இருபது நூற்றாண்டுகளாக யாரும் கேட்கவில்லை.

தருமபுரி அகழ்வைப்பகத்திலும் இதே கதைதான். அங்குள்ள நடுகற்கள் முன் ஒரு முற்பகல் முழுக்க நின்றேன். இந்தப் பக்கத்து நடுகற்களில் பல, ஆநிரை கவர்ந்த சண்டையிலும் மீட்ட சண்டையிலும் மாண்டவர்களுக்கு நட்டவை. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் வைத்தார்கள். அந்த மாட்டின் தோலில் செருப்பும் முழவும் வாரும் செய்தவனுக்குக் கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அயல்நாட்டிலும் பார்த்துவிட்டேன். ஆர்மீனியாவில் அரேனி என்ற குகையில் 2008இல் ஒரு தோல் செருப்பு கிடைத்தது. ஏறத்தாழ 5500 ஆண்டுப் பழசு. ஒரே துண்டு மாட்டுத்தோலை மடக்கித் தோல்வாரால் கோத்தது. வயதைச் சொன்னார்கள், உள்ளே புல் அடைத்திருந்ததைச் சொன்னார்கள், ஆட்டுப்புழுக்கை மூடிக் காத்ததைச் சொன்னார்கள், வலது காலுக்குரியது என்பதையும் சொன்னார்கள். நான் படித்தவரைக்கும் நுனியைப் பற்றி ஒரு வரி இல்லை.

நூல்கள் கைவிட்டதால் சோதனையில் இறங்கினேன். நுனிக்குத் தீ வைப்பது முதற்கொள்கை. நைலான் கயிற்றுக்கு இது பலிக்கும், உருகி மணியாகிவிடும். தோல் உருகாது. கருகிச் சுருண்டு, வீடு முழுக்க மயிர் பொசுங்கிய நாற்றம். இரண்டு நாள் திண்ணையில்தான் எனக்குச் சாப்பாடு. சொல்யூஷன் தடவி மேலோடு ஒட்டுவது இரண்டாவது. சட்டைப்பையில் வைத்து எடுத்ததும் பெயர்ந்துவிட்டது. ஒட்ட நறுக்கிவிடுவது மூன்றாவது. நறுக்கிய அன்று அழகாக இருந்தது. மறுநாள் கடைசி நாலு தையலும் தானாகக் கழன்று தொங்கின. அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். அரை அங்குலத்துக்குப் பதிவுத் தபாலா என்று வீட்டில் கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

களப்பணி இண்டூரில். உறவினர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைப் புரட்டிப் போட்டுப் பார்த்தேன். தலைமாட்டிலிருந்து பின்னல் நெருக்கமாக வருகிறது. கால்மாட்டில் மட்டும் கயிறு அகல அகலமாக ஓடி, நுனி சட்டத்தில் பட்டவர்த்தனமாகச் சுற்றியிருக்கிறது. மறைக்கும் முயற்சியே இல்லை. "தொய்ஞ்சா இழுக்கணுமில்ல, அண்ணா" என்றார் அந்த வீட்டு அம்மாள். பாரதக் கூத்துக்கு வந்த பம்பைக்காரரும் அப்படித்தான். கட்டை முறுக்கி ஏற்றிக்கொண்டே, நுனியை இப்படி ஓரமாகச் சுற்றிவிடுவதுதான் என்றார். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பொருள் விளங்கவில்லை.

கடைசியில் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கண்ணாடிக் கூட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் சார் இது, சாமியார் சடையாட்டம் முடி போட்டது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர், பெரியவரே" என்றேன். ஆய்வு நெறியில் இது குற்றம்தான்.

முடிச்சை அறுத்தெறிந்தார். கடைசி மூன்று தையலைக் குத்தூசியால் நெம்பித் தளர்த்தினார். வாரின் நுனியைக் கத்தியால் காகிதம்போலச் சீவினார். தோலின் இரண்டு மடிப்பையும் ஊசியால் பிளந்து, தளர்ந்து கிடந்த தையல்களுக்கு அடியிலே நுனியை உள்ளே ஓட்டினார். ஒரு சொட்டு சொல்யூஷன். பிறகு தையல்களை ஒவ்வொன்றாக, வந்த வழியே இறுக்கிக்கொண்டு வந்தார். மீதியை ஒட்ட நறுக்கிச் சுத்தியலால் இரண்டு தட்டு. நுனி இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"நுனியை உள்ள விடறதா வெளிய விடறதான்னு எப்படிங்க முடிவு பண்றது?"

"திரும்பப் பிரிச்சு இழுக்கற சாமான்னா கைக்கு எட்டறாப்ல வெளிய விடணும். பிரிக்காத சாமான்னா உள்ள விட்டுடணும். இதுல என்ன சார் இருக்கு?"

ஏழு வாரக் குறிப்பேடும் அங்கேயே விளங்கிவிட்டது. கட்டில் தொய்யும், இழுக்க வேண்டும். பம்பை இறங்கும், ஏற்ற வேண்டும். காற்றுப் பட்டாலே அதிர்கிற அளவுக்கு அதியமானின் தண்ணுமை விறைத்து நின்றதென்றால், யாரோ ஒருவர் அதன் விசியை அடிக்கடி பிரித்து இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதன் நுனி எல்லார் கண்ணுக்கும் தெரியத் தொங்கியிருக்கும். தொங்குகிற நுனியைப் பற்றிப் பாட ஔவைக்கு என்ன இருக்கிறது? மூக்குக்கண்ணாடிக் கூடு இறங்குவதுமில்லை, தொய்வதுமில்லை. ஆகையால் அதன் நுனி உள்ளே.

கூலி இருபது ரூபாய் என்றார். ஐம்பதை நீட்டினேன், சில்லறையை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், நுனி உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று அளந்து எழுதினால்தான் ஆய்வு முழுமையாகும் என்று தோன்றியது. கடைசித் தையலை மட்டும் நெம்பினேன். மறுநாள் காலை மறுபடி பேருந்து நிலையம், மறுபடி இருபது ரூபாய்.