மணி மூன்று, அதாவது ஒன்பது

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் எத்தியோப்பியாவில் தொண்டு செய்யப் போகிறேன் என்று அறிவித்தபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா முட்டி வலிக்கும். தொண்டு செய்ய மட்டும் கடல் தாண்டிப் போக முடியுமாக்கும்" என்றாள் மனைவி, ஊறுகாய் பாட்டிலைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டே.

கும்பகோணம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு வாத்தியார் நான். 2010 அக்டோபரில் பஹிர் தாரில் போய் இறங்கினேன். தானா ஏரிக்கரை ஊர். நீல நைல் அந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். என்னை அனுப்பிய அமைப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருந்தது. அதில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். விமானத்தில் தூக்கம் வராத நேரத்தில் அந்தக் கட்டத்தில் பென்சிலால் 300 என்று எழுதிவைத்தேன்.

மறுநாளே கல்லூரி முதல்வர் தொலைபேசியில் அழைத்தார். "நாளை மூன்று மணிக்கு ஆசிரியர் கூட்டம். உங்களை அறிமுகப்படுத்துகிறோம்" என்றார். காலையில் நிதானமாக எழுந்து, துணி துவைத்து, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு, இஸ்திரி வைத்த வெள்ளைச் சட்டையோடு இரண்டே முக்காலுக்கு வாசலில் நின்றேன். ஸபன்யா, அதாவது காவலாளி, என்னைத் துக்க வீட்டுக்குப் பதினாறாம் நாள் கழித்து வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கூட்டம் காலையிலேயே முடிந்துவிட்டதாம். என்னை, நான் இல்லாமலே அறிமுகப்படுத்தி, கைதட்டிவிட்டுக் கலைந்திருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. நம் ஒன்பது அவர்களுக்கு மூன்று. சாயங்காலம் ஆறுக்குப் பன்னிரண்டு அடித்துவிட்டு, இரவுக்குத் தனிக்கணக்கு தொடங்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு என்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு விடிகிறது, கணக்கு இடிப்பதில்லை. கேலி செய்ய நமக்கும் வாயில்லை. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தானே நாமும்? நாம் அதைப் பஞ்சாங்கத்தோடு விட்டுவிட்டோம், அவர்கள் கையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

அதன்பிறகு யார் நேரம் சொன்னாலும் மனசுக்குள் ஆறைக் கூட்டுவதும் கழிப்பதுமாக இருந்தேன். ஒரு மாணவன் பார்த்துப் பரிதாபப்பட்டு, "சின்ன முள்ளுக்கு நேர் எதிரே இருக்கிற எண்ணைப் படியுங்கள், ஆசிரியரே" என்றான். ஒன்பதுக்கு எதிரே மூன்று. எட்டுக்கு எதிரே இரண்டு. கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அன்றிரவு 300ஐ அழித்து 200 என்று எழுதினேன்.

மணியாவது ஆறு தள்ளி இருந்தது. வருடம் ஏழு தள்ளி இருந்தது. நான் போன 2010 அவர்களுக்கு 2003. முப்பது நாள் கொண்ட மாதங்கள் பன்னிரண்டு. மிச்சத்துக்குப் பாகுமே என்று ஐந்தே நாளில் ஒரு பதின்மூன்றாம் மாதம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஆறு நாள். ஏழு வயது குறைந்துவிட்டது என்று மனைவிக்கு உற்சாகமாகத் தொலைபேசினேன். "பொறந்த வருஷத்தையும் அவங்க கணக்குல எழுதினா வயசு அப்படியேதானே இருக்கும்? நீங்க கணக்கு வாத்தியார்தானே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்தது மொழி. ஃபிதெல் என்னும் அவர்களுடைய எழுத்து வரிசையில் முப்பத்து மூன்று அடிப்படை எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு உருவம். ஆக 231. 247 எழுத்தைத் தாண்டி வந்த தமிழனிடமா இந்த வேலை என்று மார்தட்டி உட்கார்ந்தேன். ஒரே 'ஹ' ஒலிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் இருப்பதைக் கண்டதும் கோபம் வந்தது. "எதற்காக இத்தனை?" என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்த பெண் பொறுமையாக, "உங்கள் மொழியில் இப்படி எதுவும் இல்லையா?" என்றாள். எனக்கு ரகரமும் றகரமும், நகரமும் னகரமும் ஞாபகம் வந்தன. பேச்சை மாற்றினேன்.

பேசாமல் பேசுவதும் உண்டு. நான் என்ன சொன்னாலும் முதல்வர் வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுப்பார். அறைச் சாவி வேண்டும் என்றேன், இழுத்தார். கரும்பலகை வேண்டும் என்றேன், இழுத்தார். ஆஸ்துமாக்காரரை வதைக்கிறோமே என்று கோரிக்கைகளைக் குறைத்துக்கொண்டேன். அந்த மூச்சுக்கு 'ஆமாம்' என்று அர்த்தம் என்பது மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது. அதற்குள் சாவிக்கு "இஷி, நெகெ" என்று பதில் வரத் தொடங்கியிருந்தது. சரி, நாளைக்கு. நம் தாலுகா அலுவலகங்களில் பழகியவன் என்பதால் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

தெருவில் நடந்தால் பிள்ளைகள் "ஹிந்த்! ஹிந்த்!" என்று கத்துவார்கள். அம்ஹாரிக் மொழியில் இந்தியா என்று பொருள். 1965இன் இந்தி எதிர்ப்பை மறக்காத மாநிலத்திலிருந்து போனவன் என்பதால், முதல் தடவை கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஊரெங்கும் நீல நிற ஆட்டோக்கள். ஆட்டோவுக்கு அங்கே பெயரே 'பஜாஜ்'. நான் இந்தியன் என்று தெரிந்ததும், வண்டியில் எந்த பாகம் பழுதானாலும் ஓட்டுநர்கள் என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

பெரியவர்கள் கேட்டது வேறு. பெட்டிக்கடைக்காரர், வங்கிக் காசாளர், தேவாலய வாசலில் நின்ற முதியவர் என்று ஆளாளுக்கு, "பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்தவர் ஓர் இந்தியர், தெரியுமா?" என்றார்கள். ஹைலே செலாஸி பேரரசராக இருந்த காலத்தில் இந்திய ஆசிரியர்கள், அதிலும் கேரளத்துக்காரர்கள், கூட்டம் கூட்டமாக அங்கே போய்ப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்களும் 1962லேயே வந்து இறங்கிவிட்டார்கள். புது வெளிச்சம் ஏற்ற வந்தவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வருடம் பிந்தி வந்த ஆசாமி என்று தெரிந்தது. பெட்டிக்கடைக்காரர் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்துக் காட்டினார். 200ஐ அழித்து 50 ஆக்கினேன்.

சாப்பாட்டில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. மற்றவர்களுக்குத்தான் என்னால் சிரமம். கேழ்வரகைவிடப் பொடியான டெஃப் தானியத்தை மாவாக்கி, நாள்கணக்கில் புளிக்கவைத்து ஊற்றுகிற இஞ்செராவில், ஆப்பத்தில் விழுவதுபோலக் கண் கண்ணாக விழுந்திருக்கும். மேலே பருப்பும் கடலைமாவுக் குழம்பும். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம். கறி, முட்டை, பால், நெய் எதுவும் கூடாது. பரம்பரைச் சைவமான நான் வாரம் ஏழு நாளும் விரதச் சாப்பாடே கேட்டதால், வீட்டுக்கார அம்மாள் என்னைப் பெரிய பக்திமான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். அந்த மரியாதை ஒரு புதன்கிழமை வரைக்கும் நீடித்தது. அன்று காபிக்குப் பால் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகூடக் கறி தொடாதவன் புதன்கிழமை பால் கேட்கிறானே, இவன் எந்தச் சபை என்று அவர் குழம்பிப்போனார்.

காபி பிறந்த நாட்டில் கும்பகோணத்துக்காரன் பால் கேட்டதே தப்பு. பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, அந்தப் புகையை முகத்துக்கு நேரே காட்டி, இடித்து, ஜெபெனா என்கிற மண் கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரகா. மூன்றாவது ஆசீர்வாதம் என்பதால் பாதியில் எழுந்து போகக் கூடாது. முதல் மாதம் பல இரவுகள் ஆசீர்வாதத்தின் காரணமாகவே நான் தூங்கவில்லை.

ஜனவரி 7 அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். நாற்பது நாளுக்கு மேல் விரதம் இருந்த வீட்டில் கோழிக்குழம்பு கொதித்தது. எனக்கு மட்டும் தனியாகப் பருப்பு வைத்து, இஞ்செராவில் சுருட்டி, அந்த அம்மாள் தன் கையாலேயே என் வாயில் ஊட்டினார். 'குர்ஷா' என்பார்கள், வேண்டியவர்களுக்கு மட்டும் செய்யும் மரியாதை. அம்மா போன பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. காரம் தலைக்கேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அன்றிரவு படிவத்துக்குக் கடைசி நாள். மூன்று மாதத்தில் மாணவர்களுக்கு நான் எடுத்தது பதினோரு வகுப்பு. எனக்குச் சந்தையில் பேரம் பேசியவர்கள், தொலைந்த சாவிக்கு ஆள் பிடித்தவர்கள், காய்ச்சலில் கஞ்சி வைத்தவர்கள் என்று எண்ணினால் அதுவே முப்பதுக்கு மேல் போனது. 50ஐ அழித்துவிட்டுப் பேனாவால் 1 என்று எழுதினேன். குறிப்புரையில், 'மேற்படி பயனாளி தற்போது தனியாகக் கடைக்குப் போய் வருகிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். மணி பார்க்கத் தெரியும்' என்று சேர்த்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு ஆசிரியர் கூட்டம் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதாவதற்குப் பத்து நிமிடம் முன்பே, அதே வெள்ளைச் சட்டையில் போய் நின்றேன். ஸபன்யா அதே பார்வை பார்த்தார். என் வசதிக்காக இந்தத் தடவை முதல்வர் வெளிநாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறாராம். கூட்டம் மத்தியானத்துக்கு மேல்தான்.

வீட்டுக்குத் திரும்பி, படிவத்தை உறையிலிருந்து எடுத்து, கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு ஒட்டினேன்.