மார்ச்சில் சாகப்போகிற கார்

டில்லி போகல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் ஷெட். இரண்டு கார் நிற்க இடமும் மூன்றாவது கார் நிற்க ஆசையும் உள்ள ஷெட். 2025 ஜூலை, சனிக்கிழமை காலை. முந்தின இரவு மழையில் தெரு முழுக்கச் சகதி. என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டும்வரை பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

மயூர் விஹாரிலிருந்து சந்தானம் சார் வந்து சேர்ந்தார். மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காரிலிருந்து முதலில் இறங்கியது அவருடைய ஃபைல், பிறகுதான் அவர். ஷெட்டுக்காரர் செல்வத்துக்குப் பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். பதினான்கு வயதில் 'சோட்டு'வாக ஸ்பேனர் பிடித்தவர், இப்போது அவரிடமே ஒரு சோட்டு இருக்கிறான். காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன். இந்தி வந்த இடங்களைத் தமிழாக்கிவிட்டேன், வசவு வந்த இடங்களை விட்டுவிட்டேன்.

சந்தானம்: செல்வம், வண்டி நூத்துக்கு நூறு சரியா இருக்கு. ஒரு தடவை பார்த்துட்டு சரின்னு சொல்லிடு, கிளம்பறேன்.

செல்வம்: சரியா இருந்தா எதுக்கு சார் யமுனையைத் தாண்டி வந்தீங்க?

சந்தானம்: பிரேக் பிடிச்சா கீச்சுனு ஒரு சத்தம். மாமிக்குப் பிடிக்கலை.

செல்வம்: எத்தனை நாளா?

சந்தானம்: ஹோலியிலேர்ந்து.

செல்வம்: இது ஜூலை சார்.

சந்தானம்: சத்தம் வந்தா என்ன, நிக்கறதோல்லியோ? இதைப் பாரு. இன்ஷூரன்ஸ், டிசம்பர் வரைக்கும். புகைச் சான்றிதழ், ஜனவரி வரைக்கும். சிஎன்ஜி சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் பிளேட், அதுவும் இருக்கு. ஆர்சி புத்தகம் 2026 மார்ச் வரை செல்லும். எந்தப் பேப்பர்ல குறை, சொல்லு?

செல்வம்: பேப்பர் எல்லாம் நல்லாத்தான் நிக்குது சார். வண்டிதான் நிக்க மாட்டேங்குது. தெருமுனையில பிரேக் போட்டீங்க, டீக்கடையைத் தாண்டி வந்து நின்னீங்க. டே சோட்டு, ஜாக்கி போடு. ரெண்டு ஸ்டாண்டும் கொண்டா.

சந்தானம்: எதுக்கு இவ்வளவு தடபுடல்? என் டிக்கியிலயே ஒரு ஜாக்கி இருக்கே. அதைப் போட்டு, பக்கத்துல ரெண்டு செங்கல்லை வச்சிண்டா போறாதா?

செல்வம்: அந்த ஜாக்கி ரோட்டுல ஸ்டெப்னி மாத்தத்தான் சார், அதை நம்பி எவனும் வண்டிக்கு அடியில படுக்கக் கூடாது. செங்கல் இன்னும் மோசம். தாங்குற மாதிரியே தாங்கும், ஒரு நொடியில பொடியாகும். சொல்லிட்டுப் பொடியாகாது.

சந்தானம்: வீட்டையே செங்கல்தானே தாங்கறது?

செல்வம்: வீட்டுக்கு அடியில படுத்து யாரும் நட்டு கழட்டறதில்லையே சார்.

(சக்கரம் கழன்று வந்தது. செல்வம் பிரேக் பேடை எடுத்து, துணியால் துடைத்து, சாரின் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தையும் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். நாணயம்தான் தடிமனாக இருந்தது.)

செல்வம்: புதுசுல பத்து மில்லிமீட்டர்கிட்ட இருக்கும். மூணுக்கு வந்தா மாத்திடணும். இது ஒண்ணரைகூட இல்ல. அந்தக் கீச்சு சத்தம் எதுன்னு நினைச்சீங்க? பேட் தேஞ்சா டிஸ்க்குல உரசிக் கத்தட்டும்னு கம்பெனிக்காரனே வச்ச தகடு சார் அது. நாலு மாசமா கத்தியிருக்கு.

சந்தானம்: நான் ரேடியோ வால்யூமைக் கூட்டி வச்சிண்டேன்.

செல்வம்: நல்லது. பேட் எங்க வாங்கினது?

சந்தானம்: காஷ்மீரி கேட். ஒரிஜினல். முந்நூத்தி எண்பது ரூபாய். டப்பாவைக்கூட ஃபைல்ல வச்சிருக்கேன். ஹோலோகிராம் பாரு, மினுமினுன்னு.

செல்வம்: டப்பா ஒரிஜினல்தான் சார். டப்பாவையே மாட்டியிருந்தா இதைவிட நல்லா பிடிச்சிருக்கும். காஷ்மீரி கேட்ல நல்ல சரக்கும் உண்டு. நான் முப்பது வருஷமா அங்கதான் வாங்கறேன். ஆனா 'எவ்வளவு கம்மிக்குத் தருவே'ன்னு கேட்டா அவன் கம்மியானதைத்தான் எடுப்பான். ரசீது கொடுக்கிற கடையில, பார்ட் நம்பர் சொல்லிக் கேக்கணும். பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?

சந்தானம்: பிரேக்குக்கு ஆயிலா?

(செல்வம் மூடியைத் திறந்து காட்டினார். முதல் டிகாக்‌ஷன் நிறம்.)

செல்வம்: புதுசு தேன் கலர்ல இருக்கும். இது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தலைன்னா அதுல தண்ணி ஏறிடும். அடிச்சு அடிச்சுப் பிரேக் போட்டா சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாகும். அப்புறம் பெடலை மிதிச்சா பஞ்சு மெத்தையை மிதிச்ச மாதிரி உள்ள போகும், வண்டி அதுபாட்டுக்குப் போகும்.

சந்தானம்: மொத்தம் எவ்வளவு ஆகும்?

செல்வம்: நல்ல பேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம் சார்.

சந்தானம்: மூவாயிரமா! வர மார்ச்சோட இதுக்குப் பதினஞ்சு வயசு முடியறது. அப்புறம் டில்லியில ஓடக் கூடாது. எட்டு மாசத்துல சாகப்போறதுக்கு மூவாயிரத்துல பிரேக்கா? ஐசியூவில கிடக்கிறவனுக்குப் பல் கட்டறாப்பல இருக்கு!

செல்வம்: கார் மார்ச்சுல சாகட்டும் சார். நீங்க ஆகஸ்ட்டுல போகக் கூடாதுல்ல?

சந்தானம்: நீ சட்டத்தைப் புரிஞ்சுக்கலை. பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ல உத்தரவு போட்டது. பெட்ரோல்னா பதினஞ்சு, டீசல்னா பத்து. 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுத்து. இந்த ஜூலை ஒண்ணாம் தேதி பம்புல கேமராவே வச்சுட்டான். வயசான வண்டிக்கு எண்ணெய் கிடையாதுன்னான். ஒரு வாரத்துல தள்ளி வச்சுட்டான், அது வேற விஷயம்.

செல்வம்: அந்தக் கேமரா எதைப் பார்க்குது சார்?

சந்தானம்: நம்பர் பிளேட்டை.

செல்வம்: புகை செக் பண்றவன்?

சந்தானம்: புகையை.

செல்வம்: சரி. இந்தப் பதினாலு வருஷத்துல கவர்மென்ட்டுலேர்ந்து ஒரு ஆளாவது இந்தச் சக்கரத்தைக் கழட்டி உள்ள பார்த்திருக்கானா?

(இங்கே சார் முதன்முறையாக ஃபைலை மூடினார்.)

சந்தானம்: டாக்ஸி, லாரிக்கெல்லாம் ஃபிட்னஸ் உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு பதினஞ்சு வருஷம் செல்லும். அது முடிஞ்சு புதுப்பிக்கறப்போதான் ஃபிட்னஸ் பார்ப்பா.

செல்வம்: டில்லியில பதினஞ்சுக்கு மேல புதுப்பிக்க விடுவாங்களா?

சந்தானம்: விட மாட்டா.

செல்வம்: அப்போ முதல் வைத்திய பரிசோதனை அன்னிக்கே தகனம்.

(நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழையில்லை. டில்லியில் பதிவான சொந்தக் கார், பிரேக்கை ஒரு அதிகாரியிடம்கூடக் காட்டாமல் பிறந்து, வளர்ந்து, அன்றைய சட்டப்படி மரிக்கலாம்.)

சந்தானம்: இறக்கணும்னு இல்லையே. என்ஓசி வாங்கிண்டு வெளி மாநிலம் அனுப்பலாம். நம்ம ஊர்ல 'டில்லி வண்டி'ன்னு ஆசையா வாங்கறா.

செல்வம்: ஆமாம் சார். மனுஷன் சாகறதுக்குக் காசிக்கு வர்றான், வண்டி பிழைக்கறதுக்குத் தெற்கே போகுது. வாங்கறவனும் இந்த பேடோடதான் வாங்குவான். அது கெடக்கட்டும், சிலிண்டர் பிளேட்டைக் காட்டுங்க. எங்க டெஸ்ட் பண்ணீங்க?

சந்தானம்: சொசைட்டியில ஒருத்தன் வந்தான். அறுநூறு ரூபாய். மறுநாள் பிளேட் கொண்டு வந்து கொடுத்துட்டான்.

செல்வம்: அன்னிக்கு கார் எங்க இருந்தது?

சந்தானம்: பார்க்கிங்ல.

செல்வம்: சிலிண்டர்?

சந்தானம்: கார்ல.

செல்வம்: டெஸ்ட்?

சந்தானம்: அதான் பிளேட் வந்துடுத்தே!

செல்வம் (குரலைத் தாழ்த்தி): சார், உங்க டயர்ல இருக்கிறது முப்பது பிஎஸ்ஐ. நிரப்பின சிலிண்டர்ல அதே கணக்குல மூவாயிரத்தை ஒட்டி. இருநூறு பார். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் கழட்டி, உள்ள தண்ணியை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமா ஏத்திப் பார்ப்பாங்க. ஏன் தண்ணி? பலவீனமா இருந்து விட்டுப்போனாலும் தண்ணி வெடிச்சுச் சிதறாது. காத்துன்னா ஷெட்டே இருக்காது. அந்த சோதனையில தேறினாத்தான் பிளேட். உங்களுக்கு பிளேட் தேறிடுச்சு. ஞாயித்துக்கிழமை பின் சீட்ல யார் உட்காருவாங்க?

சந்தானம்: பேரன்.

(கொஞ்ச நேரம் பக்கத்துக் கடை கம்ப்ரஸர் மட்டும் பேசியது.)

சந்தானம்: இப்படி எல்லாப் பேப்பரையும் சந்தேகப்பட்டா தேசம் எப்படி நடக்கும் செல்வம்?

செல்வம்: 2010 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? மாயாபுரி. டில்லி யுனிவர்சிட்டியில 1985-லேர்ந்து சும்மா கிடந்த ஒரு மெஷினை ஏலத்துல விட்டாங்க. காயலாங்கடைக்காரங்க வாங்கி உடைச்சாங்க. உள்ள கோபால்ட் 60. கதிர்வீச்சுல ஒருத்தர் செத்தே போனார், பல பேர் ஆஸ்பத்திரியில. நான் பழைய ஆல்டர்னேட்டர் வாங்கப் போற சந்து சார் அது. ஏலத்துக்கும் ஃபைல் இருந்திருக்கும், கையெழுத்து இருந்திருக்கும். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னுதான் ஒருத்தரும் பார்க்கலை.

சந்தானம்: அதனாலதான் மாப்பிள்ளை குர்கான்ல கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே விடறான். போன மாசம் பில் நாலு பக்கம். இஞ்சின் டீகார்பனைசிங், ஏசிக்குக் கிருமி நீக்கம், துருத் தடுப்புப் பூச்சு, முகப்பு விளக்குக்கு பாலீஷ். வண்டி வாங்கி எட்டு மாசம்தான் ஆறது.

செல்வம்: எட்டு மாசக் குழந்தைக்குக் கண் புரை ஆபரேஷன். ஆனா ஒண்ணு சொல்றேன் சார், அங்க ஸ்கேனர் இருக்கு, டார்க் ரெஞ்ச் இருக்கு, எந்த நட்டை எவ்வளவு முறுக்கணும்னு புத்தகம் இருக்கு. எங்க தெருவுல பாதிப் பேர் வீல் ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிக்கறான். அதுல ஸ்டட் முறிஞ்சு, ஓடற வண்டியில சக்கரம் கழண்டதைப் பார்த்திருக்கேன். நான் கடன் வாங்கி டார்க் ரெஞ்ச் வாங்கினேன். பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், எதிரெதிர் நட்டா, நட்சத்திரம் போடற மாதிரி முறுக்கணும்னு. கம்பெனியோட ஸ்கேனர்தான் எனக்கு வாய்க்கலை. கேட்டா, டீலருக்குத்தான் தருவோம்ங்கறான்.

சந்தானம் (முகம் மலர்ந்து): தப்பு! அதுக்கு ஆர்டர் இருக்கு! காம்படிஷன் கமிஷன், 2014 ஆகஸ்ட் 25. உதிரி பாகத்தையும் கருவியையும் வெளிச்சந்தைக்குத் தராம பூட்டி வச்சதுக்குப் பதினாலு கார் கம்பெனிகளுக்கு அபராதம். மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல. வெளி மெக்கானிக்கிட்ட விட்டான்கிற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை மொத்தமா ரத்து பண்ணவும் கூடாது. வெளியில பார்த்த வேலை தப்பாப் போய் எது கெட்டதோ, அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். தெளிவா எழுதியிருக்கு.

செல்வம்: எழுதி எத்தனை வருஷம் ஆச்சு சார்?

சந்தானம்: பதினொண்ணு. அப்பீல் போனா. அதுலேயும் தப்பு தப்புதான்னு வந்தது, சில பேருக்கு அபராதம் மட்டும் குறைஞ்சது. 2022 டிசம்பர்ல 'ரைட் டு ரிப்பேர்'னு நுகர்வோர் துறை இணையதளமே திறந்துடுத்து.

செல்வம்: சந்தோஷம். அந்த ஆர்டரை ஒரு காப்பி எடுத்துக் கொடுங்க. இந்த டாஷ்போர்டுல ஏபிஎஸ் விளக்கு எரியுது பாருங்க, அதுக்குக் காட்டிப் பார்க்கறேன். அணைஞ்சா பார்ப்போம்.

(சார் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். நாற்பது வருடம் காகிதத்தைப் பார்த்த கண், சட்டென்று இரும்பைப் பார்க்காது.)

சந்தானம்: சரி, பிரேக்கை மாத்து. நீ வீடு எங்க இப்போ? மதராஸி கேம்ப் குடிசைப் பகுதின்னுதானே சொல்லுவே?

செல்வம்: ஜூன் ஒண்ணாம் தேதி இடிச்சுட்டாங்க சார். நரேலாவுல கொடுத்திருக்காங்க. முந்நூத்தி எழுபது வீட்டுல நூத்தி எண்பத்தொன்பதுக்குத்தான் கிடைச்சது, எனக்குக் கிடைச்சுடுச்சு.

சந்தானம்: பேப்பர் இருக்கோல்லியோ?

செல்வம்: பேப்பர் இருக்கு சார். பிழைப்புதான் இங்க இருக்கு. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்.

(சோட்டு புது பேடைப் பொருத்தினான். டிஸ்க்கிலிருந்த தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடப் போனவனை அதட்டி, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார் செல்வம். 'மூச்சுல ஏத்திக்காதடா' என்றார். பழைய ஆயிலை ஒவ்வொரு சக்கரமாக வடித்து, காற்றுக்குமிழி நிற்கும்வரை பெடலை மிதித்தார்கள். நட்டுகளை நட்சத்திரமாக முறுக்கினார்கள். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் பையன் கையை எடுத்தான். ஏறிக் குதிக்கவில்லை.)

சந்தானம்: சாவியைக் கொடு, கிளம்பறேன்.

செல்வம்: சாவி என்கிட்டயே இருக்கட்டும் சார். சிலிண்டரைக் கழட்டி நிஜமாவே டெஸ்டுக்கு அனுப்பறேன், மூணு நாள் ஆகும். ஜங்புராவில மெட்ரோ ஏறுங்க, லாஜ்பத் நகர்ல பிங்க் லைன் மாறினா மயூர் விஹார்ல இறங்கிடலாம்.

சந்தானம்: மெட்ரோ பிரேக் மட்டும் சரியா இருக்கும்னு உனக்கு என்ன நிச்சயம்?

செல்வம்: அதை யார் சார் பார்க்கறது? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.

சந்தானம்: மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர். வேடிக்கை என்னன்னா, அந்த ஆணையம் ரயில்வேக்குக் கீழ வராது, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ. ரயில் ஓட்டறவனே ரயிலுக்குச் சான்று கொடுத்துக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு ஏற்பாடு. அவர் வந்து பார்த்து அனுமதி கொடுத்தாத்தான் புது லைன்ல ஜனங்களை ஏத்தலாம்.

செல்வம்: இந்தக் காருக்கு?

சார் ஃபைலைத் திறந்தார். முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை புரட்டினார். அப்புறம் அதைக் காரின் முன் சீட்டிலேயே வைத்துவிட்டு, சகதியில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து ஜங்புரா ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.